ஹெடர் எங்கே என்று கம்பைலரிடமே கேளுங்கள்

கேள்வி மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டது. பிறைப் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலகத்துக்காக, புத்தகத் தலைப்புகளை அகர வரிசையில் அடுக்கித் தரும் நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதி வருகிறார். அண்ணனின் பழைய இன்டெல் மேக்கில் பூஸ்ட் லைப்ரரியை வைத்துத் தொடங்கியபோது எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது எம்1 சில்லு உள்ள மேக் மினி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில், மேக்கில் பொதிகளை நிறுவித் தரும் ஹோம்பிரூ மூலம் பூஸ்டை நிறுவினார். தமிழ் வரிசைக்காகப் புதிதாக ஐசியு லைப்ரரியையும் நிறுவினார். இரண்டின் ஹெடர் கோப்புகளும் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்புகள்) கிடைக்கவில்லை என்கிறது, நிரலைத் தொகுக்கும் கம்பைலர். யாரோ சொன்னதைக் கேட்டு, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தார். அதன்பிறகு ‘ஐஓஸ்ட்ரீம்’ மட்டும் போட்ட நான்கு வரி நிரல்கூடத் தொகுபடவில்லை. அந்த நான்கு வரிகளே திட்டக் கோப்புறையில் ஒருவிதப் பிழையும், வேறு கோப்புறையில் இன்னொருவிதப் பிழையும் தருகின்றன. இயங்குதளத்தையே அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. உங்கள் மேக்கில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் பழையது; மற்ற இரண்டும் அந்த இரண்டு வரிகளோடு வந்தவை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்; மாறிகளின் பெயர்கள் மட்டும் எங்கும் முழுவதும் பெரிய எழுத்தில்.

முதலில் அந்த இரண்டு வரிகளையும் நீக்குங்கள். நீக்கிய பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் சாளரங்களில், அந்த வரிகள் அமைத்த சூழல் மாறிகள் உயிரோடுதான் இருக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிய சாளரம் திறந்து, இதை அடியுங்கள்:

கிளாங்++ -இ -வி -எக்ஸ் சி++ /டெவ்/நல்

கிளாங் என்பது மேக்கில் உள்ள ஆப்பிளின் கம்பைலர். ‘-இ’ மட்டும் பெரிய எழுத்து. வெற்றுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, முன்செயலியை மட்டும் ஓட்டி, நடப்பதை விரிவாகச் சொல் என்று கேட்கிறோம். வரும் பதிலில், தேடல் இங்கே தொடங்குகிறது என்ற பொருள்படும் ஒரு வரியும் தேடல் பட்டியல் முடிந்தது என்ற வரியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள அடைவுகள்தாம் கம்பைலருக்குத் தெரிந்த உலகம். அதில் இல்லாத இடத்தில் நீங்கள் எதை நிறுவினாலும் கம்பைலருக்கு அது இல்லாததுதான். ஹெடர் சிக்கல் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான். பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பட்டியலை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு.

பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட எந்த வரிசையில் இருக்கிறது என்பது முக்கியம். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்கு நடக்கிறவர் வழியில் மோர் எங்கே கிடைக்கிறதோ அந்த முதல் பந்தலில் குடித்துவிடுவார். அடுத்த பந்தலில் இன்னும் நல்ல மோர் இருக்கிறதா என்று ஒப்பிடமாட்டார். கம்பைலரும் அப்படியே. கேட்ட பெயரில் முதலில் கண்ணில் பட்ட கோப்பை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். அது சரியான கோப்பா, சரியான பதிப்பா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

வரிசை பொதுவாக இப்படி அமைகிறது. இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய ஹெடர் என்றால், அதை அழைக்கும் கோப்பு இருக்கும் அடைவிலேயே முதல் தேடல். பிறகு ‘-ஐகோட்’ தெரிவில் கொடுத்த அடைவுகள். கோண அடைப்புக்குள் எழுதியவற்றுக்கு இந்த இரண்டும் கிடையாது. அதன்பின் இரண்டு வகைக்கும் பொதுவாக, பெரிய எழுத்து ‘-ஐ’ தெரிவில் கொடுத்தவை. பிறகு ‘-ஐசிஸ்டம்’ தெரிவில் கொடுத்தவை. பிறகு கம்பைலரின் சொந்த அடைவுகள். கடைசியில் ‘-ஐடிர்ஆஃப்டர்’ கொடுத்தவை. சூழல் மாறிகள் இந்த வரிசைக்குள் இடையில் நுழைகின்றன. ‘சிபாத்’ மாறியில் உள்ள அடைவுகள் கட்டளையில் கொடுத்த ‘-ஐ’ தெரிவுகளுக்கு அடுத்து வரும். ‘சிபிளஸ்_இன்க்ளூட்_பாத்’ மாறியில் உள்ளவை ‘-ஐசிஸ்டம்’ தெரிவுகளுக்கு அடுத்து, அதாவது கம்பைலரின் சொந்த அடைவுகளுக்கு முன்னால் வரும். இந்த ‘முன்னால்’ என்பதில்தான் உங்கள் இரண்டாவது வரி மாட்டிக்கொண்டது.

அந்த வரி இது:

எக்ஸ்போர்ட் சிபிளஸ்_இன்க்ளூட்_பாத்="$(எக்ஸ்சிரன் --ஷோ-எஸ்டிகே-பாத்)/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்"

இதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் மேக்கில், ஆப்பிளின் நிரலாக்கச் செயலியான எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவினால் சி மொழியின் ஹெடர்கள் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவில் வந்து உட்கார்ந்துவிடும், லினக்ஸில் இருப்பது போலவே. 2018இல் வந்த மேக் இயங்குதளத்தின் மோஹாவே பதிப்பிலும் எக்ஸ்கோடு 10இலும் அந்த வழக்கம் நின்றது. ஹெடர்கள் எஸ்டிகே என்னும் தொகுப்புக்குள் மட்டும் இருக்கும் என்று ஆப்பிள் முடிவு செய்தது. பழக்கம் விடாதவர்களுக்காக மோஹாவேயில் தனியாக ஒரு பொதியை வைத்திருந்தார்கள். அதை நிறுவினால் பழைய இடத்தில் ஹெடர்கள் வந்துவிடும். 2019இல் காட்டலினா வந்தபோது அதுவும் போயிற்று. கணினியின் அமைப்புப் பகுதியே எழுத முடியாத தனிப் பிரிவாகிவிட்டது. இன்றைக்கும் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவை உருவாக்கு, அங்கே ஒரு இணைப்புப் போடு என்று சொல்லும் குறிப்புகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ரூட் உரிமையோடு முயன்றாலும் அது நடக்காது. நடக்க வைப்பதற்காகப் பாதுகாப்பு அம்சங்களை அணைக்கச் சொல்பவர்களிடமிருந்து விலகி இருங்கள்.

அந்த மாற்றத்தின்போது, எஸ்டிகே எங்கே இருக்கிறது என்று தெரியாத கருவிகளுக்கு, முக்கியமாகத் தனியாக நிறுவிய ஜிசிசி போன்ற கம்பைலர்களுக்கு, இந்தச் சூழல் மாறித் தந்திரம் ஓரளவு கைகொடுத்தது. ஆப்பிளின் கிளாங்குக்கு அது தேவையே இல்லை. ‘எக்ஸ்சிரன்’ சொல்லும் எஸ்டிகே பாதையைக் கிளாங் தானாகவே எடுத்துக்கொள்கிறது. தெரிந்த இடத்தையே மறுபடி சொன்னால் என்ன நட்டம் என்று தோன்றலாம். சி++ மொழியில் நட்டம் பெரிது.

ஏன் என்று பார்ப்போம். சி++ நிரலில் ‘சிமாத்’ ஹெடரைச் சேர்க்கிறீர்கள். அது உள்ளே ‘மாத்.எச்’ கோப்பைக் கேட்கும். அந்தப் பெயரில் உங்கள் கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன: ஒன்று சி மொழிக்கானது, எஸ்டிகேயின் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவில், மற்றொன்று சி++ லைப்ரரிக்குச் சொந்தமானது, ‘சி++/வி1’ அடைவில். முதலில் சி++ கோப்புதான் கிடைக்க வேண்டும். அது ‘இன்க்ளூட்_நெக்ஸ்ட்’ என்னும் கட்டளையால், பட்டியலில் தனக்கு அடுத்து வரும் அடைவுகளில் உள்ள ‘மாத்.எச்’ கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். பிறகு சி மொழி மேக்ரோக்களாக வைத்திருப்பவற்றை அகற்றிவிட்டு, சி++ செயற்கூறுகளாக மாற்றித் தரும். இந்த ஏற்பாடு முழுவதும் ‘சி++/வி1’ முன்னாலும் சி அடைவு பின்னாலும் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது. நீங்கள் சூழல் மாறியால் சி அடைவைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டீர்கள். இப்போது ‘சிமாத்’ கேட்டதும் சி மொழியின் ‘மாத்.எச்’ கிடைக்கிறது, சி++ கோப்பு எட்டிப்பார்க்கக்கூட வாய்ப்பில்லை. ‘சைன்பிட்’ என்று ஒரு உறுப்பு உலகப் பெயர்வெளியில் இல்லை என்று பழைய பதிப்புகளில் வரும் புலம்பல் இதனால்தான். புதிய பதிப்புகளில் லைப்ரரியை எழுதியவர்களுக்கே அலுத்துப்போய், ‘மாத்.எச் கேட்டேன், என்னுடையது கிடைக்கவில்லை, உன் தேடல் பாதைகளின் வரிசை சரியில்லை’ என்ற பொருளில் நேரடியாகவே செய்தி வைத்துவிட்டார்கள். நீங்கள் வேறு கோப்புறையில் பார்த்த பிழை இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, நிறையப் பேரைக் குழப்புவது. எஸ்டிகே அடைவை ‘சிபாத்’ மாறியிலோ ‘-ஐ’ தெரிவிலோ கொடுத்திருந்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ஏற்கெனவே அமைப்பு அடைவாக உள்ள ஒன்றை ‘-ஐ’ வழியாகவும் கொடுத்தால், கிளாங்கும் ஜிசிசியும் அந்த வேண்டுகோளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்கின்றன. இந்த வரிசை குலையக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. ‘-ஐசிஸ்டம்’ வகையில் கொடுத்தால் அந்தக் காவல் இல்லை; முன்னால் வந்தது நிற்கும், பின்னால் வந்தது நீக்கப்படும். ‘சிபாத்’ வழியில் கொடுத்தாலும், நீங்கள் காட்டுவது எக்ஸ்கோடு செயலிக்குள் இருக்கும் எஸ்டிகே, கிளாங் பயன்படுத்துவது கட்டளைவரிக் கருவிகளின் எஸ்டிகே என்று இரண்டும் வேறாக இருந்தால், அடைவுகள் ஒன்றல்ல என்பதால் காவல் பலிக்காது. ஒரே அறிவுரை ஒருவர் கணினியில் வேலை செய்து இன்னொருவர் கணினியை முடக்குவது இப்படித்தான்.

இனி முதல் வரி. இது இன்னும் சுவையானது.

எக்ஸ்போர்ட் சிபாத்="$சிபாத்:/ஆப்ட்/ஹோம்பிரூ/இன்க்ளூட்"

பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஏற்கெனவே இருக்கும் மதிப்போடு முக்காற்புள்ளி போட்டு ஒரு அடைவைச் சேர்க்கிறது. ஆனால் உங்கள் கணினியில் ‘சிபாத்’ முன்பு காலியாக இருந்தது. ஆகவே மதிப்பு முக்காற்புள்ளியில் தொடங்குகிறது. முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அந்த ‘ஒன்றும் இல்லை’ என்பதைக் கம்பைலர் ‘இப்போது நிற்கும் அடைவு’ என்று பொருள் கொள்கிறது. ஜிசிசியின் கையேட்டில் சொல்லப்பட்ட நடத்தைதான்; கிளாங்கும் அதைப் பின்பற்றுகிறது. அதாவது, நீங்கள் டெர்மினலில் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்களோ அது கோண அடைப்பு ஹெடர்களுக்கும் முதல் தேடல் இடமாகிவிட்டது.

அதனால் என்ன? நீங்கள் அனுப்பிய கோப்புப் பட்டியலைப் பாருங்கள். திட்டக் கோப்புறையில் ‘வெர்ஷன்’ என்று முழுவதும் பெரிய எழுத்தில் ஒரு உரைக்கோப்பு இருக்கிறது. நிரலின் பதிப்பு எண்ணை அதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். சி++20 தரம் ‘வெர்ஷன்’ என்ற பெயரில், எந்தப் பின்னொட்டும் இல்லாத ஒரு ஹெடரைக் கொண்டுவந்தது. மேக்கின் சி++ லைப்ரரியில் பெரும்பாலான ஹெடர்கள் அதை உள்ளே சேர்த்துக்கொள்கின்றன, ‘ஐஓஸ்ட்ரீம்’ உட்பட. மேக்கின் கோப்பு முறைமை, நிறுவும்போது நீங்கள் வேறு விதமாகக் கேட்காவிட்டால், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. எனவே சிறிய எழுத்தில் கேட்ட ஹெடருக்கு, பெரிய எழுத்தில் உள்ள உங்கள் உரைக்கோப்பு ‘நான் இருக்கிறேன்’ என்று வந்து நிற்கிறது. அதற்குள் இருக்கும் பதிப்பு எண்ணையும் தமிழ் வரியையும் சி++ என்று நினைத்துப் படிக்கப் போய்க் கம்பைலர் திணறுகிறது. உங்கள் பிழைப் பட்டியலின் முதல் வரியைக் கவனித்தால், கோப்புப் பெயர் ‘./வெர்ஷன்’ என்றும் வரி எண் 1 என்றும் இருக்கும். திட்டக் கோப்புறைக்கு வெளியே போனால் இந்தப் பிழை மறைந்து மேலே சொன்ன மற்றது தெரிவதற்குக் காரணம் இதுதான். லினக்ஸில் இதே தவறு மறைந்தே கிடக்கும். அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சொந்தமாக ஒரு சரக் கிளாஸ் எழுதி ‘ஸ்ட்ரிங்.எச்’ என்று முதல் எழுத்தைப் பெரிதாக வைத்துக் கோப்பு போடுகிறவர்கள் பலர். அந்த அடைவை ‘-ஐ’ தெரிவில் கொடுத்தால், சி மொழியின் ‘ஸ்ட்ரிங்.எச்’ தேவைப்படும் இடத்தில் எல்லாம் இவர்களுடைய கோப்பு போய் உட்காரும். ‘டைம்.எச்’ என்று பெயர் வைத்தாலும் அதே கதை. பெயரை மாற்றுவது சிறந்த வழி. முடியாவிட்டால், சொந்த ஹெடர்கள் உள்ள அடைவை ‘-ஐ’ தெரிவுக்குப் பதில் ‘-ஐகோட்’ தெரிவில் கொடுங்கள். மேற்கோளுக்குள் எழுதியவற்றுக்கு மட்டும் அந்த அடைவு பயன்படும், கோண அடைப்பு ஹெடர்கள் அந்தப் பக்கம் திரும்பாது. இவ்வளவு பயனுள்ள தெரிவு இவ்வளவு குறைவாகப் புழங்குவது எனக்கு இன்னும் வியப்புதான். உங்கள் உரைக்கோப்புக்கு ‘வெர்ஷன்.டிஎக்ஸ்டி’ என்று பெயர் மாற்றிவிடுங்கள், போதும்.

இரண்டு வரிகளும் போய்விட்டன. நான்கு வரி நிரல் இனித் தொகுபடும். மிச்சம் இருப்பது நீங்கள் முதலில் தொடங்கிய சிக்கல்: பூஸ்டும் ஐசியுவும்.

அண்ணனின் இன்டெல் மேக்கில் ஹோம்பிரூ எல்லாவற்றையும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவுக்குள் வைத்தது. ஆப்பிளின் கிளாங் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவைத் தானாகவே தேடியது. எனவே யாரும் எதுவும் செய்யாமலே பூஸ்ட் கிடைத்தது. அது தற்செயலான பொருத்தம். நீங்கள் செய்த அமைப்பு அல்ல. 2020 இறுதியில் எம்1 வந்தபோது ஹோம்பிரூ புதிய சில்லுக்கான பொதிகளை ‘/ஆப்ட்/ஹோம்பிரூ’ அடைவுக்கு மாற்றியது. பழைய இன்டெல் பொதிகளும் புதியவையும் ஒரே கணினியில் மோதாமல் இருக்க அது வசதி. ஆனால் கிளாங்கின் பட்டியலில் ‘/ஆப்ட்/ஹோம்பிரூ/இன்க்ளூட்’ கிடையாது. மேலே சொன்ன கட்டளையின் பதிலில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பூஸ்டுக்கு இதைச் சேர்த்தால் போதும்:

-ஐசிஸ்டம் $(ப்ரூ --ப்ரிஃபிக்ஸ்)/இன்க்ளூட்

பெரிய ‘-ஐ’ போட்டாலும் வேலை நடக்கும். நான் ‘-ஐசிஸ்டம்’ விரும்புவதற்குக் காரணம், அப்படிக் கொடுத்த அடைவிலிருந்து வரும் ஹெடர்களுக்குக் கம்பைலர் எச்சரிக்கைகளை அடக்கிக்கொள்ளும். பூஸ்டின் உள்ளே கிளம்பும் எச்சரிக்கைகளைப் படிப்பதற்கா நீங்கள் நிரல் எழுதுகிறீர்கள்? பாதையைக் கையால் எழுதாமல் ‘ப்ரூ --ப்ரிஃபிக்ஸ்’ கட்டளையிடம் கேட்பதால் அண்ணனின் இன்டெல் மேக்கிலும் இதே வரி வேலை செய்யும்.

ஐசியு இதற்கும் மசியாது. ஏனென்றால் ஹோம்பிரூ அதைப் பொது அடைவில் இணைப்பதே இல்லை. மேக்கிலேயே ஐசியுவின் ஒரு வடிவம், ‘லிப்ஐசியுகோர்’ என்ற பெயரில் இருக்கிறது. அதனோடு மோதக் கூடாது என்று ஹோம்பிரூ தன் ஐசியுவைத் தனி அறையில் பூட்டி வைக்கிறது. நிறுவியபோதே இதைப் பற்றி ஒரு பத்தி திரையில் ஓடியிருக்கும், யாரும் படிப்பதில்லை. ‘லிங்க் --ஃபோர்ஸ்’ போட்டு வலுக்கட்டாயமாக இணைக்காதீர்கள். பூட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இருக்கும் இடத்தைக் கேட்டு வாங்குவதே முறை. இதற்கென்றே இருக்கும் கருவி ‘பிகேஜி-கான்ஃபிக்’:

எக்ஸ்போர்ட் பிகேஜி_கான்ஃபிக்_பாத்="$(ப்ரூ --ப்ரிஃபிக்ஸ் ஐசியு4சி)/லிப்/பிகேஜிகான்ஃபிக்"
கிளாங்++ -எஸ்டிடி=சி++17 மெயின்.சிபிபி -ஐசிஸ்டம் $(ப்ரூ --ப்ரிஃபிக்ஸ்)/இன்க்ளூட் $(பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஐசியு-ஐ18என் ஐசியு-யூசி) -ஓ அடுக்கு

சூழல் மாறியைத் திட்டிவிட்டு நானே ஒன்றைப் போடுகிறேனே என்று கேட்கலாம். இது கம்பைலரின் தேடல் வரிசையைத் தொடுவதில்லை; ‘பிகேஜி-கான்ஃபிக்’ தன் விவரக் கோப்புகளைத் தேடும் இடத்தை மட்டும் சொல்கிறது. இதையும் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ கோப்பில் வைக்காமல் திட்டத்தின் மேக்ஃபைலில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ‘-எஸ்டிடி=சி++17’ அலங்காரத்துக்கு அல்ல; 2024இல் வந்த ஐசியு 75 முதல் அதன் சி++ ஹெடர்களுக்கு அந்தத் தரம் கட்டாயம். அது இல்லாவிட்டால், ஹெடர் கிடைத்த மகிழ்ச்சி நீடிக்கும் முன்பே அதற்குள்ளிருந்து பிழைகள் கொட்டும்.

ஹெடர் கிடைப்பதும் லைப்ரரி இணைவதும் தனித்தனி வேலைகள் என்பதை ஐசியு கண்டிப்பாக நினைவூட்டும். ஹெடர் பாதை தொகுக்கும்போது. பெரிய எழுத்து ‘-எல்’ பாதை, தொகுத்த துண்டுகளை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு. ஐசியு தன் செயற்கூறு பெயர்களுக்குப் பின்னால் பதிப்பு எண்ணை ஒட்டிவைக்கிறது. ஒரு பதிப்பின் ஹெடரும் இன்னொரு பதிப்பின் லைப்ரரியும் சேர்ந்தால், வரையறுக்கப்படாத பெயர்கள் என்று லிங்கர் மறுத்துவிடும். பெயரின் வாலில் உள்ள எண்ணைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஹோம்பிரூவின் ஹெடரை வைத்துக்கொண்டு மேக்கின் ‘லிப்ஐசியுகோர்’ உடன் இணைக்கப் பார்த்தாலும் அதே கதிதான், அங்கே எண்ணே ஒட்டியிருக்காது. சிஃப்ளாக்ஸ், லிப்ஸ் இரண்டையும் ஒரே கருவியிடம் ஒரே மூச்சில் கேட்பது இந்த வம்பைத் தவிர்க்கத்தான். பின்னொரு நாள் ‘ப்ரூ அப்கிரேட்’ செய்த பிறகு, நேற்றுவரை ஓடிய நிரல் லைப்ரரி ஏற்றப்படவில்லை என்று நின்றுவிட்டால் பதறாதீர்கள். ஐசியுவின் எண் ஏறியிருக்கும், மறுபடி தொகுத்தால் சரியாகிவிடும்.

பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாக எல்லாவற்றையும் அப்படியே புதிய மேக்குக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கும். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் பழைய ஹோம்பிரூ உயிரோடு இருக்கும். ஹெடர் கிடைத்துவிடும், தொகுப்பும் நடந்துவிடும். கடைசியில் லிங்கர்தான், இந்தக் கோப்பு வேறு சில்லுக்கானது என்று சொல்லி ஒதுக்கும். ஹெடர் கிடைக்காமல் போவதைவிடத் தவறான ஹெடர் கிடைப்பது மோசம். சந்தேகம் வந்தால் பெரிய எழுத்து ‘-எச்’ தெரிவைச் சேர்த்துத் தொகுங்கள். எந்த ஹெடர் எந்த அடைவிலிருந்து வந்தது, எது எதை உள்ளே இழுத்தது என்று புள்ளிகளால் படிப்படியாகக் காட்டும். நீளமான பட்டியல்தான், அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பெயரை மட்டும் ‘கிரெப்’ செய்துகொள்ளுங்கள்.

தொகுக்கும் வேலையை நிர்வகிக்கும் சிமேக் கருவியைப் பயன்படுத்தப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நல்லது. அங்கே ‘ஃபைண்ட்_பேக்கேஜ்’ மூலம் பூஸ்டையும் ஐசியுவையும் கேளுங்கள். ஐசியு இருக்கும் இடத்தை ‘ஐசியு_ரூட்’ மாறியில் கொடுங்கள். ‘இன்க்ளூட்_டைரக்டரிஸ்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போடாமல் ‘டார்கெட்_லிங்க்_லைப்ரரிஸ்’ வழியாக அந்தந்த இலக்குக்கு மட்டும் இணைத்தால் ஹெடர் பாதைகள் தாமே வந்து சேரும். பாதையை மாற்றிய பிறகும் பழைய பிழையே வந்தால், பில்ட் கோப்புறையில் உள்ள ‘சிமேக்கேஷ்’ கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். முதல் தடவை கண்ட பதிலை அது பிடிவாதமாக நினைவில் வைத்திருக்கும்.

எக்ஸ்கோடில் திறப்பவர்களுக்கு ஒரு சொல். டாக்கிலிருந்து திறக்கும் செயலிகள் ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ கோப்பைப் படிப்பதில்லை. டெர்மினலில் தொகுபடுவது எக்ஸ்கோடில் தொகுபடாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அங்கே ‘ஹெடர் சர்ச் பாத்ஸ்’ என்ற அமைப்பில் அடைவைச் சேருங்கள். பக்கத்தில் உள்ள ‘ரிகர்சிவ்’ தெரிவைத் தொடாதீர்கள். அது உள்ளே இருக்கும் எல்லாத் துணை அடைவுகளையும் பட்டியலில் கொட்டிவிடும். பிறகு எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இயங்குதளத்தைப் பெரிய பதிப்புக்கு ஏற்றிய பிறகு, சொந்த அமைப்பு எதையும் மாற்றாமலே சி++ இன் அடிப்படை ஹெடர்கள் காணாமல் போனால், கட்டளைவரிக் கருவிகள் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடக்கின்றன என்று பொருள். ‘/லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ்’ அடைவை அழித்துவிட்டு ‘எக்ஸ்கோடு-செலக்ட் --இன்ஸ்டால்’ கட்டளையால் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். இயங்குதளத்தை அழிக்கத் துணிந்தீர்களே, அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது அதிகபட்சம் இவ்வளவுதான்.

உங்கள் குழுவில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ‘லிப்ஐசியு-டெவ்’, ‘லிப்பூஸ்ட்-டெவ்’ பொதிகளை நிறுவினால் ஹெடர்கள் கம்பைலர் தேடும் ‘/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவிலேயே வந்துவிடும். ஐசியு என்று பெயரிட்ட பொதியை மட்டும் நிறுவி, ‘-டெவ்’ என்று முடிவதை விட்டுவிட்டால் லைப்ரரி இருக்கும், ஹெடர் இருக்காது. அங்கே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அதுதான்.

விஎஸ் கோடில் ஹெடர் வரியின் கீழே சிவப்புக் கோடு விழுவது இன்னொரு தனிக் கதை. அது கம்பைலரின் பட்டியல் அல்ல, திருத்தியின் சொந்தப் பட்டியல். நிரல் ஒழுங்காகத் தொகுபட்டும் சிவப்புக் கோடு போகாவிட்டால் பிழை உங்களுடையது அல்ல. சிமேக்கில் ‘சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்’ மாறியை இயக்கிவிட்டு, அது உண்டாக்கும் கோப்பைத் திருத்திக்குக் காட்டுங்கள்.

எல்லாம் இணைந்தபின், ஐசியு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய சோதனை. யுனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் அகர வரிசை அல்ல. ‘ன’ எழுத்து ‘ந’ எழுத்தை ஒட்டியே வருகிறது, ‘ற’ எழுத்து ‘ர’ எழுத்தை ஒட்டி வருகிறது. அன்பு, அறம், அலை, அழகு ஆகிய நான்கு சொற்களைக் கொடுங்கள். வெறும் ‘எஸ்டிடி::சார்ட்’ போட்டால் அவை இதே வரிசையில்தான் திரும்பி வரும். ஐசியுவின் கொலேட்டரை (சொற்களை ஒப்பிட்டு வரிசை சொல்லும் பகுதி) தமிழ் லொகேலில், அதாவது தமிழுக்கான மொழி அமைப்பில், உருவாக்கி அடுக்கினால் அலை, அழகு, அறம், அன்பு என்று வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால், கொலேட்டரை உருவாக்கும்போது கொடுத்த லொகேல் ‘டிஏ’ தானா என்றும், ஒப்பிடும் செயற்கூறாக அதைத்தான் ‘சார்ட்’டுக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், ஹெடர் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.